ஆயிரம் வாக்குகளா, நான்கு ஆட்களா? பொருள் வடிவமைப்பில் பயனாளர் பங்கு

கேள்வி | 3 மார்ச் 2024, காலை 10.40

கோவையில் மூன்று பேர் சேர்ந்து பள்ளி மாணவர்களுக்கான மின்னணுப் பயிற்சிப் பெட்டி செய்து விற்கிறோம். ஒரு போர்டு, நான்கு சென்சார், இரண்டு மோட்டார், ஒரு கையேடு. விற்பனை சுமார். அடுத்த பதிப்பை நாங்களே மண்டையை உடைத்துக்கொண்டு வடிவமைக்காமல், வாங்கியவர்களிடமே விட்டுவிடலாம் என்று நினைக்கிறோம். இணையத்தில் யோசனைகளைக் கேட்பது, வாக்கெடுப்பு நடத்துவது, அதிக வாக்கு வாங்கியதைச் செய்துவிடுவது. செலவும் குறைவு, வாங்குவதற்கு ஆளும் தயாராக இருக்கும். இப்படிச் செய்து பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

3 மார்ச் 2024, இரவு 9.15

வாக்கெடுப்பிலிருந்து தொடங்காதீர்கள். இருபது ஆண்டுகளாக வீட்டு உபயோகப் பொருள்களின் வடிவமைப்பில் இருக்கிறேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன். வாக்கு என்பது ஒருவர் அரை நிமிடத்தில் கொடுத்துவிட்டுப் போவது. உங்களுக்குத் தேவைப்படுவது உங்கள் பெட்டியோடு இரவெல்லாம் மல்லுக்கட்டியவர்கள்.

உங்கள் தொழிலுக்கு மிக நெருக்கமான உதாரணம், டென்மார்க்கின் பொம்மைக் கம்பெனி லெகோ செய்த மைண்ட்ஸ்டார்ம்ஸ். 1998-ல் அந்த ரோபோப் பெட்டி வந்தது. நடுவில் ஆர்சிஎக்ஸ் என்ற மஞ்சள் நிறக் கட்டை, அதுதான் ரோபோவை இயக்கும் சிறு கணினி. அதன் கருவிதை அமெரிக்காவின் எம்ஐடி ஊடக ஆய்வகத்தில் விழுந்தது. கடைக்கு வந்த சில வாரங்களிலேயே ஸ்டான்ஃபோர்டு மாணவர் கெகோவா ப்ரௌட்ஃபுட் அந்தக் கட்டைக்குள் ஓடும் மென்பொருளைப் பிரித்து, அது எப்படி வேலை செய்கிறது என்பதை இணையத்தில் எழுதி வைத்துவிட்டார். அதைப் பிடித்துக்கொண்டு பலர் கிளம்பினார்கள். மார்கஸ் நோகா அதற்கு வேறொரு இயங்குதளமே எழுதினார். டேவ் பாம் சி மொழியைப் போன்ற ஒரு நிரல்மொழியைக் கொண்டுவந்தார். கம்பெனி நினைத்திருந்தால் வழக்குப் போட்டிருக்கலாம். போடவில்லை. மென்பொருள் உரிமத்திலேயே, பிரித்து மாற்றிப் பார்க்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு என்று எழுதிச் சேர்த்தது. பொம்மைக் கம்பெனிகளில் அன்றைக்கு இது நடக்காத காரியம்.

அடுத்தது இன்னும் முக்கியம். 2004-ல் அடுத்த தலைமுறையைத் தொடங்கினார்கள். அப்போது லெகோ பெரும் நஷ்டத்தில் இருந்தது. மைண்ட்ஸ்டார்ம்ஸ் பிரிவின் தலைவர் சோரன் லுண்ட் ஊரைக் கூட்டி வாக்கெடுப்பு நடத்தவில்லை. நான்கே பேரைத் தேர்ந்தெடுத்தார்: ஸ்டீவ் ஹாசன்பிளக், ஜான் பார்ன்ஸ், டேவிட் ஷில்லிங், ரால்ஃப் ஹெம்பெல். நால்வரும் வயது வந்தவர்கள், சொந்த வேலை உள்ளவர்கள், ரோபோக் கட்டுகிற வட்டாரத்தில் பெயர் தெரிந்தவர்கள். பார்ன்ஸ் ஏற்கெனவே ஆர்சிஎக்ஸுக்குச் சென்சார்கள் செய்து விற்றுக்கொண்டிருந்தார். ஹெம்பெல் அதற்கு ஃபோர்த் என்ற நிரல்மொழியை எழுதியவர். ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, மாதக்கணக்கில் அவர்களோடு மின்னஞ்சலில் பேசினார்கள். என்ன சென்சார் வேண்டும், அவற்றைச் செருக எத்தனை வாய் வேண்டும், நிரல் எப்படி இருக்க வேண்டும் என்று.

2006 ஜனவரியில் லாஸ் வேகாஸ் கண்காட்சியில் அறிவிக்கப்பட்டு, அதே ஆண்டு கடைக்கு வந்த என்எக்ஸ்டி என்ற அடுத்த தலைமுறைப் பெட்டி அந்தப் பேச்சுகளினூடே உருவானது. பழைய கட்டையில் சென்சாருக்கு மூன்று வாய்தான், புதியதில் நான்கு. மோட்டாருக்குள்ளேயே சுழற்சியை அளக்கும் சென்சார் வந்தது. இன்ஃப்ராரெட் போய் ப்ளூடூத்தும் யுஎஸ்பியும் வந்தன.

உங்களுக்கு அப்படி நான்கு பேர் யார் என்று தெரியுமா? அதைச் சொல்லுங்கள் முதலில்.

3 மார்ச் 2024, இரவு 9.50

மேலே விட்டுப்போனது. "லெகோ அவர்களுக்கு எவ்வளவு கொடுத்தது" என்று ஒருவர் தனிச்செய்தியில் கேட்டிருக்கிறார். பணமாக ஒன்றும் இல்லை. சில பெட்டிகளும் புதிய மாதிரிகளும் கிடைத்தன. டென்மார்க்கில் லெகோவின் தலைமையகம் இருக்கும் பில்லுண்டுக்குப் போகும் விமானச் செலவைக்கூட அந்த நால்வரே போட்டுக்கொண்டார்கள்.

இதைப் படித்துவிட்டு "ஆகா, இலவசமாக ஆள் கிடைப்பார்கள்" என்று யாரும் கிளம்ப வேண்டாம். அதைப் பற்றி நாளை எழுதுகிறேன். சொல்ல எனக்கு ஒரு சொந்தக் கணக்கு பாக்கி இருக்கிறது.

4 மார்ச் 2024, இரவு 10.30

நான் முதலில் வேலை பார்த்த கம்பெனி மிக்ஸி செய்தது. பெயர் வேண்டாம். 2000-களின் நடுவில் இணையத்தில் "உங்கள் யோசனை" என்று ஒரு பக்கம் திறந்தார்கள். வந்ததில் பாதி நிறத்தைப் பற்றி. கால்வாசி விலையைப் பற்றி. மீதி, சர்வீஸ் சென்டர்க்காரர் வரவில்லை என்ற புகார்.

அந்தக் குவியலில் ஒரு பெண்மணியின் கடிதம் இருந்தது. வீட்டில் இட்லி மாவும் சட்னியும் செய்து விற்பவர். சின்ன ஜாரின் அடியிலுள்ள புஷ் தேய்ந்து, தண்ணீர் கசிந்து, மிக்ஸியின் மேல்தட்டில் விழுந்து, கப்ளர் வழியாக மோட்டாருக்குள் இறங்குகிறது என்று எழுதியிருந்தார். எங்கள் மோட்டார்கள் எரிந்து திரும்பி வந்துகொண்டிருந்த காலம் அது. காரணம் காயில் சுற்றும் இடத்தில் இருக்கிறது என்று நாங்கள் ஆறு மாதமாகத் தேடிக்கொண்டிருந்தோம்.

கோடு போட்ட நோட்டுத்தாளில் படமும் வரைந்து, ஸ்கேன் செய்து அனுப்பியிருந்தார். கப்ளரைச் சுற்றி ஒரு வரப்பு, அந்த வரப்பிலிருந்து வெளியே ஒரு வாய்க்கால். அந்த இரண்டு சொற்களையும் அவரேதான் எழுதியிருந்தார். வயலில் தண்ணீரைத் திருப்புவதைப் போலத் திருப்பிவிடுங்கள் என்று.

அதைச் செய்தோம். அடுத்த மாடலில் வரப்பும் வந்தது, வாய்க்காலும் வந்தது. எரிந்து திரும்பும் மோட்டார்கள் குறைந்தன.

அவருக்கு ஒரு பதில் போகவில்லை. "நன்றி, உங்கள் யோசனையை எடுத்துக்கொண்டோம்" என்று ஒரு வரி. அதை எழுதுவது யார் வேலை என்று யாருக்கும் தெரியவில்லை. சட்டப் பிரிவு, பதில் எழுதினால் உரிமை கேட்பார் என்று சொன்னது. நான் அப்போது இளைய பொறியாளன். என்னால் எழுதியிருக்க முடியும். எழுதவில்லை.

உங்கள் வாக்கெடுப்பில் இப்படி ஒரு கடிதம் வந்தால் அதற்கு இரண்டு வாக்கு விழும். "சிவப்பு நிறத்திலும் வேண்டும்" என்பதற்கு இருநூறு விழும்.

6 மார்ச் 2024, காலை 7.05

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார்: "லெகோவே பிறகு வாக்கெடுப்பு நடத்தியதே, அது வெற்றிதானே?"

நியாயமான கேள்வி. வாக்கை முற்றாகத் தள்ளியது என் அவசரம். கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன்.

அது 2008-ல் ஜப்பானில் கூசூ என்ற தளத்தோடு சேர்ந்து தொடங்கியது. யாரும் தன் மாதிரியைப் போடலாம். அங்கே ஆயிரம் ஆதரவு கிடைத்து, ஷிங்காய் 6500 என்ற ஆழ்கடல் நீர்மூழ்கி முதல் பெட்டியாக 2011-ல் வந்தது. அதே ஆண்டு உலகம் முழுவதற்கும் திறந்தபோது வரம்பைப் பத்தாயிரமாக உயர்த்தினார்கள். 2014 முதல் லெகோ ஐடியாஸ் என்ற பெயரில் நடக்கிறது. பெட்டி கடைக்கு வந்தால், படைத்தவருக்கு நிகர விற்பனையில் 1 சதவீதம்.

எனக்குப் பிடித்தது எல்லென் கோய்மன் கொடுத்த யோசனை. அவர் ஸ்வீடனில் புவி வேதியியல் ஆய்வாளர். லெகோ மனித உருவங்களில் பெண் விஞ்ஞானிகள் கண்ணில் படுவதே அபூர்வம் என்று பார்த்து, மூன்று பெண் விஞ்ஞானிகளை வேலை செய்யும் இடத்தோடு வடிவமைத்தார்: வானியலாளர், தொல்லுயிரியலாளர், வேதியியலாளர். 2014-ல் கடைக்கு வந்ததும் மளமளவென்று தீர்ந்துபோனது. கம்பெனிக்குள் இருந்தவர்கள் கண்ணில் அத்தனை ஆண்டுகள் படாத ஒன்று வெளியே இருந்த ஒருவர் கண்ணில் பட்டது. பத்தாயிரம் பேர் "ஆமாம், எங்கள் கண்ணிலும் படுகிறது" என்றார்கள். இந்த இடத்தில் வாக்குக்கு வேலை இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் இரண்டைக் கவனியுங்கள். பத்தாயிரம் கிடைத்ததாலேயே பெட்டி வந்துவிடாது. கம்பெனி ஆராய்ந்து முடிவெடுக்கும், பெரும்பாலானவை அங்கே நின்றுவிடும். தேர்வானதையும் லெகோவின் சொந்த வடிவமைப்பாளர்கள் மறுபடி கட்டுகிறார்கள். குழந்தை கையில் உடையாமல் நிற்குமா, இருக்கும் அச்சுகளில் துண்டுகள் கிடைக்குமா, விலை கட்டுமா என்றெல்லாம் பார்க்கிறார்கள். அப்படியானால் வாக்கு அங்கே என்ன செய்கிறது? வாங்க ஆள் இருக்கிறது என்று சொல்கிறது. எப்படிச் செய்வது என்று சொல்வதில்லை.

நீங்கள் கேட்டது "அதிக வாக்கு வாங்கியதைச் செய்துவிடுவது". லெகோகூட அதைச் செய்யவில்லை.

6 மார்ச் 2024, காலை 7.20

இன்னொன்று: முடிவு எங்களுடையது என்பதை லெகோக்காரர்கள் முதல் நாளே எழுதி வைத்திருக்கிறார்கள். உங்கள் அறிவிப்பில் "உங்கள் பெட்டி, உங்கள் முடிவு" என்ற வாசகத்தைப் பார்த்தேன். முடிவு உங்கள் மூவருடையது என்றால் அதை எடுத்துவிடுங்கள். நிறைவேற்ற முடியாத வாக்குறுதியைக் கொடுத்துவிட்டுப் பிறகு விளக்கம் எழுதுவது மிகவும் கசப்பான வேலை.

9 மார்ச் 2024, இரவு 11.10

பங்கு கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறீர்கள். குவிர்க்கி என்ற கம்பெனியைப் பாருங்கள்.

பென் காஃப்மன் 2009-ல் நியூயார்க்கில் தொடங்கியது. யோசனை கொடுத்தவருக்கு மட்டும் அல்லாமல், பெயர் வைத்தவர், நிறம் தேர்ந்தெடுத்தவர், வாக்களித்தவர் என்று பங்களித்த எல்லோருக்கும் விற்பனையில் சிறுசிறு பங்கு. நான் அதை முதலில் படித்தபோது மனம் நிறைந்துபோனேன். நோட்டுத்தாளில் வரைந்த அந்தப் பெண்மணிக்கு இப்படியல்லவா செய்திருக்க வேண்டும் என்று.

2011-ல் வந்த பிவட் பவர் உண்மையிலேயே நல்ல பொருள். ஜேக் ஸீன் என்ற மாணவரின் யோசனை. எக்ஸ்டென்ஷன் பெட்டியில் ஒரு பெரிய அடாப்டரைச் செருகினால் பக்கத்துத் துளையை மறைத்துக்கொள்ளும், எல்லோர் வீட்டிலும் நடப்பது. அந்தப் பெட்டியையே துளைக்குத் துளை முறித்து வளைக்கும்படி செய்தார். நன்றாக விற்றது, அவருக்கும் கூடப் பங்களித்த நூற்றுக்கணக்கானோருக்கும் பணம் போனது.

அதே கம்பெனிதான் எத்தனை முட்டை மீதி இருக்கிறது என்று கைப்பேசிக்குச் சொல்லும் முட்டைத் தட்டையும் செய்தது. குளிர்பதனப் பெட்டியைத் திறந்து பார்த்தால் தெரிகிற விஷயம் என்று என் மனைவி சொன்னார். நான் பதில் சொல்ல முயன்றேன், கிடைக்கவில்லை.

2015 செப்டம்பரில் குவிர்க்கி திவால் மனு கொடுத்தது. பங்கு கொடுத்தது அதன் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். வாரத்துக்கு வாரம் புதிய புதிய பொருள். இன்று பிளாஸ்டிக் சமையல் சாமான், நாளை மின்சாதனம், மறுநாள் ஏசி. ஒவ்வொன்றுக்கும் வேறு அச்சு, வேறு சோதனை, வேறு கடை. ஒரு பொருளை விற்று, திரும்பி வந்ததைப் பிரித்துப் பார்த்து, இரண்டாம் பதிப்பில் திருத்துவதற்குள் அடுத்தது வந்து நிற்கும். கூட்டம் யோசனை தருவதில் சளைக்காது. தொழிற்சாலைக்கு அந்த வேகம் கிடையாது.

உங்களுக்கு இந்த ஆபத்து குறைவு, நீங்கள் ஒரே பெட்டி செய்கிறீர்கள். அதை விட்டுவிடாதீர்கள்.

10 மார்ச் 2024, மாலை 4.30

"காரையே கூட்டமாக வடிவமைத்தார்களே" என்று ஒரு நண்பர். அவர் சொல்வது அமெரிக்காவின் லோக்கல் மோட்டர்ஸ் கம்பெனி செய்த ரேலி ஃபைட்டர் என்ற கார். வெளித்தோற்றம் இணையப் போட்டியில் வென்ற சாங்ஹோ கிம்முடையது. பாலைவனத்தில் ஓடும் கார், முரட்டு அழகு. ஆனால் இன்ஜின் ஜெனரல் மோட்டார்ஸுடையது, பின்விளக்கு ஹோண்டா காரிலிருந்து எடுத்தது. பின்விளக்கை உறுப்பினர்களை வடிவமைக்கச் சொல்லியிருந்தால் புதிய அச்சு, சட்டச் சோதனை என்று பணம் எங்கோ போயிருக்கும். எதைக் கூட்டத்திடம் கொடுப்பது, எதைக் கடையில் வாங்குவது என்று பிரித்தது அவர்களுடைய கெட்டிக்காரத்தனம். அந்தக் கம்பெனி 2022 ஜனவரியில் மூடப்பட்டது. அதற்குள் அவர்கள் தானியங்கிச் சிறுபேருந்துப் பக்கம் போயிருந்தார்கள், அது வேறு கதை.

உங்கள் போர்டில் மின்சாரம் ஏறும் பகுதியை யாரிடமும் வாக்குக்கு விடாதீர்கள். குழந்தைகள் கையில் போகிறது.

12 மார்ச் 2024, இரவு 9.40

தலைப்பிலிருந்து விலகுகிறேன், பரவாயில்லை. முப்பரிமாண அச்சு இயந்திரம் செய்த மேக்கர்பாட் கம்பெனியைப் பற்றி எழுதாமல் என்னால் தூங்க முடியாது.

2005-ல் இங்கிலாந்தில் பாத் பல்கலைக்கழகத்தின் ஏட்ரியன் போயர் ரெப்ராப் திட்டத்தைத் தொடங்கினார்: தன் பாகங்களைத் தானே அச்சிடும் முப்பரிமாண அச்சு இயந்திரம், வரைபடம் எல்லோருக்கும் திறந்தது. உலகெங்கும் பலர் சேர்ந்து அதைச் செதுக்கினார்கள். 2009-ல், அந்தத் தொழில்நுட்பத்தின் முக்கியமான காப்புரிமை ஒன்று காலாவதியான சமயம், நியூயார்க்கில் மேக்கர்பாட் பிறந்தது. ரெப்ராப்பின் மண்ணில் முளைத்த செடி. அவர்களும் வரைபடங்களைத் திறந்தே வைத்திருந்தார்கள். வாங்கியவர்கள் கோளாறு கண்டுபிடித்து, மாற்றுப் பாகம் வரைந்து, அதே கம்பெனி நடத்திய திங்கிவெர்ஸ் தளத்தில் போட்டார்கள். அடுத்தடுத்த இயந்திரங்கள் அதனால் மேம்பட்டன.

2012 செப்டம்பரில் ரெப்ளிகேட்டர் 2 வந்தபோது அதன் வரைபடத்தைக் கம்பெனி வெளியிடவில்லை. நிறுவனர்களில் ஒருவரான ஸாக் ஸ்மித், அதற்குள் கம்பெனியை விட்டு விலகியவர், அதை வெளிப்படையாகக் கண்டித்து எழுதினார். ரெப்ராப் இயந்திரங்களை வடிவமைத்துவந்த யோசெஃப் புரூஷா திங்கிவெர்ஸில் எதிர்ப்பைத் தொடங்கி வைத்தார். 2013-ல் ஸ்ட்ராட்டசிஸ் என்ற பெரிய அச்சு இயந்திரக் கம்பெனி ஏறத்தாழ 40 கோடி டாலர் மதிப்பில் மேக்கர்பாட்டை வாங்கியது.

போலிகள் மலிவு விலையில் வந்துகொண்டிருந்தன, கம்பெனிக்குச் சம்பளம் கொடுக்க வேண்டியிருந்தது. அந்த நெருக்கடி எனக்குப் புரியாமல் இல்லை, நானும் தொழிற்சாலையில் இருப்பவன். இருந்தாலும், திறந்த வீடு என்று நம்பி ஆளுக்கொரு செங்கல் எடுத்துக் கொடுத்தவர்கள் ஒரு நாள் காலையில் வாசலில் பூட்டைப் பார்த்தால் என்ன நினைப்பார்கள்? பூட்டுவது உரிமை. முதல் செங்கல்லை வாங்கும்போதே சொல்லியிருக்க வேண்டும்.

அதே புரூஷா பிராகில் தொடங்கிய கம்பெனி ரெப்ராப் வழியிலேயே இயந்திரங்களைச் செய்து விற்றுப் பெரிதாக வளர்ந்தது. திறந்து வைத்தால் பிழைக்கவே முடியாது என்பதும் முழு உண்மை இல்லை.

13 மார்ச் 2024, காலை 6.50

நேற்றிரவு சூட்டில் எழுதியதைப் படித்துப் பார்த்தேன். மாற்றவில்லை.

17 மார்ச் 2024, பகல் 2.15

ஒரு பெரிய திருத்தம். பரணில் இருந்து பழைய வேலைக் குறிப்பேடுகளை இறக்கினேன். மார்ச் 4 அன்று எழுதியதில், அந்தப் பெண்மணி வரைந்ததை அப்படியே செய்ததாகப் படும்படி எழுதிவிட்டேன். நினைவு அப்படித்தான் வைத்திருந்தது. குறிப்பேடு வேறு மாதிரி சொல்கிறது.

அவர் வாய்க்காலை முன்பக்கமாக வரைந்திருந்தார், சுவிட்ச் இருக்கும் பக்கம். எங்கள் டை, அதாவது பிளாஸ்டிக் வார்க்கும் அச்சு, செய்பவர், நாற்பது ஆண்டு அனுபவம் உள்ளவர், படத்தைப் பார்த்தவுடன் "சுவிட்சில் தண்ணீர் இறங்கும், பின்னால் கொண்டுபோ" என்றார். வரப்பு நேர்ச்சுவராக இருந்தால் அச்சிலிருந்து கழன்று வராது என்று அதற்குச் சரிவும் கொடுத்தார். இரண்டும் அவருடைய கை. இப்போது சொல்லுங்கள், அந்த மேல்தட்டை வடிவமைத்தது யார்? பெண்மணியா, டை செய்பவரா, வரைபடத்தில் கையெழுத்துப் போட்ட நானா? பங்கு பிரிக்க உட்கார்ந்தால் எத்தனை சதவீதம் யாருக்கு? குவிர்க்கி இந்தக் கணக்கைத் தசமப் புள்ளிவரை போட்டது. இந்த மூவருக்கு என்னால் போட முடியவில்லை.

இதுவரை எழுதியதுகூடப் பெரிதில்லை. அவர் கடிதத்தின் நகல் குறிப்பேட்டில் ஒட்டியிருந்தது. கடைசிப் பத்தியை அன்று நான் படித்தேனா என்று தெரியவில்லை. வாய்க்காலை ஏன் முன்பக்கம் வைக்கச் சொல்கிறார் என்று எழுதியிருக்கிறார்: தண்ணீர் முன்னால் வழிந்தால் கண்ணில் படும், புஷ் தேய்ந்துவிட்டது என்று தெரியும், மாற்றிவிடலாம்.

நாங்கள் பின்னால் கொண்டுபோனோம். தண்ணீர் யாருக்கும் தெரியாமல் பின்பக்கம் வழிந்து, மேடையில் ஊறி, மிக்ஸியின் ரப்பர் கால்களுக்கடியில் தேங்கியது. மோட்டார் பிழைத்தது. ஆனால் தேய்ந்த புஷ்ஷோடு மாதக்கணக்கில் ஓட்டி, பிளேடு அச்சே ஆடிப்போன ஜார்கள் பிறகு வரத் தொடங்கின. அதற்கும் நாங்கள் வேறெங்கோ காரணம் தேடினோம்.

ஒரு தொலைபேசி அழைப்பு போதும். "அம்மா, முன்பக்கம் சுவிட்ச் இருக்கிறது, என்ன செய்யலாம்?" என்று கேட்டிருந்தால், பக்கவாட்டில் விடுங்கள் என்று சொல்லியிருப்பார். அல்லது அதைவிட நல்லதைச் சொல்லியிருப்பார். பதில் எழுதாததை இத்தனை நாள் மரியாதைக் குறைவு என்று மட்டும் எண்ணி வருந்திக்கொண்டிருந்தேன். அது வடிவமைப்புப் பிழையும்கூட. யோசனையை எடுத்துக்கொண்டோம், யோசித்தவரை விட்டுவிட்டோம்.

17 மார்ச் 2024, இரவு 8.30

இதை மனத்தில் வைத்து லெகோவின் நால்வரை மறுபடி பார்க்கிறேன். அவர்களுக்குக் கிடைத்தது பணம் இல்லை என்று மார்ச் 3-ல் எழுதியது சரிதான். அவர்களுக்குக் கிடைத்தது திரும்பத் திரும்ப வந்த பதில். "இது முடியாது, ஏனென்றால்" என்ற பதில். அதற்கு அவர்கள் எழுதிய மறுபதில்.

லெகோ ஆர்வலர்கள் ஹாசன்பின் என்று அழைக்கும் ஒரு சிறு துண்டு இருக்கிறது. இரண்டு சட்டங்களைச் செங்கோணத்தில் உறுதியாகப் பிணைப்பது, என்எக்ஸ்டி பெட்டியோடு வந்தது. அதற்குமுன் அந்த மூலையைக் கட்ட நாலைந்து துண்டுகள் தேவைப்படும், அப்போதும் ஆடும். ஹாசன்பிளக்கின் பெயரால் அந்தப் பெயர். கம்பெனியின் பட்டியலில் அதற்கு வெறும் எண்தான், பெயரை வைத்தது கட்டுகிறவர்கள். மைண்ட்ஸ்டார்ம்ஸ் வரிசை 2022 முடிவில் நிறுத்தப்பட்டது. அந்தப் பெயர் இன்னும் புழங்குகிறது.

எங்கள் வரப்புக்குப் பெயர் இல்லை.

18 மார்ச் 2024, காலை 9.00

"அப்படியானால் இலவச உழைப்பு சரி என்கிறீர்களா" என்று கோபமாக ஒரு கேள்வி. இல்லை. ஹாசன்பிளக்குக்குச் சொந்த வேலை இருந்தது, விமானச் செலவு போட முடிந்தது. மாவு அரைத்து விற்பவரிடம் அதை எதிர்பார்க்கக் கூடாது. வந்துபோகும் செலவு, செலவழித்த நேரத்துக்கு ஒரு தொகை, முதலில் வரும் பெட்டிகளில் ஒன்று. இவை குறைந்தபட்சம். என் கவலை, பணத்தைக் கொடுத்துவிட்டுப் பேச்சை நிறுத்திவிடுவார்களோ என்பது. இரண்டும் வேண்டும்.

24 மார்ச் 2024, மாலை 5.45

ஒரு பழைய செய்தி. எம்ஐடி பேராசிரியர் எரிக் வான் ஹிப்பெல் இணையம் பரவுவதற்கு முன்பே, 1986-ல், முன்னோடிப் பயனாளர் என்ற கருத்தை எழுதிவிட்டார். எல்லோருக்கும் நாளை வரப்போகும் தேவை சிலருக்கு இன்றே வந்துவிடும், அவர்கள் கடையில் கிடைக்காததைத் தாமே செய்துகொள்வார்கள், அவர்களைத் தேடிப் பிடியுங்கள் என்று. ஹவாய்த் தீவில் 1970-களின் இறுதியில் பாய்மரப் பலகையில் அலை மேல் தாவியவர்கள், காற்றில் பலகை காலை விட்டுப் போய்விடுகிறதே என்று கால்பட்டை தைத்துக்கொண்டார்கள். பிறகுதான் கம்பெனிகள் அதைப் போட்டன.

நீங்கள் தேட வேண்டியது இதை: உங்கள் பெட்டியை யார் அறுத்து, ஒட்டி, வயர் சுற்றி மாற்றி வைத்திருக்கிறார்கள்? அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். வாக்குப் பக்கத்தில் அவர்கள் ஒன்றும் எழுதியிருக்க மாட்டார்கள், ஏற்கெனவே தாங்களே சரிசெய்துகொண்டுவிட்டார்கள்.

14 ஏப்ரல் 2024, காலை 11.20 (கேள்வி கேட்டவர்)

புத்தாண்டு வாழ்த்துகள். வாக்கெடுப்பை நிறுத்தி வைத்துவிட்டோம். நான்கு பேரைப் பிடித்தோம்: இரண்டு ஆசிரியர்கள், ஒரு கல்லூரி மாணவி, பழுது பார்க்கும் கடைக்காரர் ஒருவர். யார் முடிவெடுப்பது, வரைபடம் யாருக்குச் சொந்தம், என்ன தொகை என்று ஒரு பக்கத்தில் எளிய தமிழில் எழுதிக் கையெழுத்துப் போட்டோம். நேற்று முதல் பேச்சு. ஓர் ஆசிரியர், வயரைப் பிடிக்கும் திருகுகள் எல்லாம் தேய்ந்துபோகின்றன என்றார். நல்ல பித்தளைத் திருகுதான் போட்டிருக்கிறோம், சோதித்த அறிக்கை இருக்கிறது என்று விளக்கினேன். சரி என்று சொல்லிவிட்டார்.

14 ஏப்ரல் 2024, பகல் 12.05

அவர் சரி என்று சொன்னது உங்கள் விளக்கம் பிடித்ததால் இல்லை. அறிக்கையைக் காட்டியதும் பேச்சு முடிந்துவிட்டது. இன்றே மறுபடி கூப்பிடுங்கள். எந்த வகுப்பு, எத்தனை பேர், எதை வைத்துத் திருகுகிறார்கள் என்று கேளுங்கள். அறிக்கையை மூடி வையுங்கள்.

15 ஏப்ரல் 2024, இரவு 8.50 (கேள்வி கேட்டவர்)

கேட்டேன். ஆறாம் வகுப்பு. நாற்பது பிள்ளைகளுக்கு ஒரே ஸ்க்ரூ டிரைவர். மற்றவர்கள் எஃகு ஸ்கேலின் முனையாலும் ஒரு ரூபாய் நாணயத்தாலும் திருகுகிறார்கள். அவர் சில போர்டுகளில் திருகை எடுத்துவிட்டுத் துணி உலர்த்தும் கிளிப்பின் ஸ்பிரிங்கைப் பற்றவைத்திருக்கிறார். நாங்கள் கேட்கவில்லை என்பதால் சொல்லவில்லையாம். அந்தப் போர்டுகளில் ஒன்றை அனுப்பி வைக்கிறேன் என்றார்.

15 ஏப்ரல் 2024, இரவு 9.10

அனுப்பச் சொல்லாதீர்கள், நேரில் போங்கள். ஸ்பிரிங்கை விரலால் அழுத்த ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குப் பலம் போதுகிறதா என்று பாருங்கள். மற்ற மூவர் என்ன சொன்னார்கள்?